மஞ்சள் டேக் கட்டிய பைனாகுலர்

என்னிடம் ஒரு பைனாகுலர் இருக்கிறது. அதைக் கண்ணுக்குத் தூக்கும்போதெல்லாம் வாரில் கட்டியிருக்கும் மஞ்சள் அட்டை காற்றில் திரும்பி என் மூக்கில் தட்டுகிறது. உள்ளங்கை அளவு அட்டை. மேலே ஒரு துளை, துளையில் சணல் நூல், நூலில் இரட்டை முடிச்சு. ஒரகடம் பக்கம் எந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் இந்த அட்டைகளைப் பார்க்கலாம். பச்சை டேக் கட்டிய சரக்கு நல்லது, உற்பத்தி லைனுக்குப் போகலாம். சிவப்பு என்றால் கழிவு. மஞ்சள் என்றால் சந்தேகம்: யாரும் தொடக் கூடாது, மறுபடி பார்க்க வேண்டும். மஞ்சளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி உண்டு. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு தொட்டி நிறைய இரும்பு வளையங்கள் பதினோரு வருடமாக மஞ்சள் டேக்கோடு கிடக்கின்றன. கட்டிய ஆள் வேலையை விட்டுவிட்டுக் குவைத் போய்விட்டார். அதன்பின் மூன்று மேனேஜர்கள் வந்து போனார்கள், ஒருவரும் அதில் கை வைக்கவில்லை. நடைபாதைக்குத் தரையில் புதிதாகக் கோடு போட்டபோதுகூட அந்தத் தொட்டி வரும் இடத்தில் கோட்டை வளைத்துத்தான் போட்டார்கள். அதைப் பார்த்து ஒரு காலத்தில் நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

என் பைனாகுலருக்கு டேக் கட்டியவரை எல்லோரும் ஸ்டோர்ஸ் அண்ணன் என்போம். பிள்ளைப்பாக்கத்துக்காரர். வெளியிலிருந்து வரும் சரக்கைப் பரிசோதித்து உள்ளே விடுவது அவர் வேலை. நான் லைனில் தர ஆய்வாளன். அதாவது, அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவன். பதினெட்டு வருடமாக என் பார்வை முப்பது சென்டிமீட்டர் தூரத்துக்குப் பழகியது. உலோக விளிம்பில் மயிரிழைப் பிசிறு இருந்தால் பிடித்துவிடுவேன். முந்நூறு மீட்டர் தள்ளி ஒட்டகம் நின்றால் புதர் என்பேன். படப்பை நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் புத்தகத்தைத் திறந்துவிடுவேன் என்பதால் அண்ணன் எனக்குப் 'புக்கு' என்று பெயர் வைத்தார். கடைசிவரை வேறு பெயர் சொல்லி அவர் என்னை அழைத்ததில்லை.

அவரிடம் நான் முதன்முதலாக மாட்டிக்கொண்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் வேலையில் மணிக்கு ஒருமுறை அளந்து பார்த்து, தாளில் டிக் போட வேண்டும். உலகம் அறிந்த ரகசியம் என்னவென்றால், ஷிப்ட் தொடங்கிய முதல் பத்து நிமிடத்திலேயே எட்டு மணி நேரத்துக்கான டிக்கையும் போட்டு, அதைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் அனுப்பிவிட்டு, நிம்மதியாக வேலையைப் பார்ப்போம். ஒரு நாள் ஏதோ காரியமாக லைனுக்கு வந்த அண்ணன் என் தாளை எடுத்தார். எழுதியிருந்த பக்கத்தை அவர் பார்க்கவேயில்லை. தாளைத் திருப்பி, முதுகுப் பக்கத்தை ஆள்காட்டி விரலால் மெல்லத் தடவினார்.

"இன்னா புக்கு, எட்டு மணி நேரத்த ஒரே மூச்சுல முழுங்கிட்ட?"

"இல்லண்ணே, பார்த்துத்தான்..."

"யார்கிட்ட வுட்ற? கையில எண்ணெ பட்டா ஒரு டிக்கு வழுக்கும். அவசரத்துல ஒண்ணு கிழிக்கும். இது எல்லாம் ஒரே ஆழம், ஒரே சாய்வு. சோறு துன்ற கையா, மிஷினா?"

மேலே புகார் செய்யவில்லை. தாளை மடித்து என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

அண்ணனுக்கு இருந்த ஒரே பைத்தியம் பறவைகள். வார விடுமுறையில் ஏரிக்கரையில் இருப்பார். கழித்துக் கட்டிய பழைய சரக்கு வரவுப் பதிவேடு ஒன்றை வைத்துக்கொண்டு அதில் பறவைகளை வரவு வைப்பார்: தேதி, நேரம், பொருள், எண்ணிக்கை, நிலை, குறிப்பு. 'நிலை' என்ற கட்டத்தில் 'நல்லது' என்றோ 'இடது கால் நொண்டி' என்றோ இருக்கும். அரிவாள்மூக்கன் என்றால் அவருக்கு உயிர். வெள்ளை, கருப்பு, பளபளப்பாக மின்னும் இன்னொன்று என மூன்று வகையும் அந்தப் பதிவேட்டில் வரவாகியிருந்தன. நான்காவதாக அவர் ஏங்கியது மொட்டைத்தலை அரிவாள்மூக்கனுக்கு. கருப்பு உடம்பு, மயிரே இல்லாத சிவந்த தலை, வளைந்த சிவப்பு மூக்கு, பிடரியில் தலைவாராத மாமியார்போல் சிலிர்த்து நிற்கும் இறகுகள். அது பிள்ளைப்பாக்கம் ஏரிக்கு வராது. மொராக்கோ நாட்டில், அட்லாண்டிக் கடலோரத்துப் பாறை விளிம்புகளில் இருக்கிறது. சென்னையில் ஒரு சுற்றுலாக்காரர் பறவை, விலங்கு பார்க்கவென்றே பத்து நாள் பயணமாக அங்கே ஆட்களை அழைத்துப் போகிறார் என்ற துண்டறிக்கை அண்ணன் கைக்குக் கிடைத்தது. அது அவர் சட்டைப் பையில் இருந்து இருந்து, மடிப்பில் நான்காகக் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டப்பட்டது.

தனியாக அனுப்ப மாட்டேன் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். "இவருக்கு வாலாஜாபாத் போனாலே வழி தெரியாது. பறவையப் பார்த்துகினே பாறையிலேர்ந்து வுழுந்துடுவாரு. நீ கூடப் போப்பா" என்றார்கள் என்னிடம். எனக்குப் பறவைகளில் காக்கை தெரியும், கோழி தெரியும். ஆனால் பாலைவனத்தைப் பற்றி ஏகப்பட்டது படித்திருந்தேன். படித்த பாலைவனத்தில் மணல் வாயில் போகாது என்பதால் போகலாம் என்று ஒப்புக்கொண்டேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேலைக்கு வந்து ஈட்டுவிடுப்பு சேர்த்தோம். அந்த ஒரு வருடமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் எனக்குப் பாடம் எடுத்தார். நான் சாம்பாரில் கவனமாக இருந்தேன்.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது அவருடைய வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. சர்க்கரை. இடது கண் ஏற்கெனவே பாதி போயிருந்ததை யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறார். அறுவை சிகிச்சை செய்து கண்ணுக்குள் வாயுக்குமிழி ஒன்றை வைத்தார்கள். குமிழி கரையும்வரை குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும்; விமானம் ஏறினால் அது விரிந்து கண்ணையே கெடுத்துவிடும். அதன்பிறகும் எவ்வளவு தெரியும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நானும் போகவில்லை என்றேன். தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"லூசா நீ? ஒரு கண்ணாவது பாக்கட்டும். பைனாகுலர எத்துகினு போ. ஆனா ஒண்ணு. பார்த்தா பார்த்தேன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. டுபாக்கூர் வேல வேணாம்."

போனேன். உடன் வந்தவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், உற்சாகம் தாங்காதவர்கள். மசூதிக் கோபுரத்து உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. மலைமேல் தேவதாரு மரங்களுக்கிடையில் வாலில்லாக் குரங்குகளைக் காட்டினார்கள். எங்கள் குழுவில் ஓர் அம்மாள், காஞ்சிபுரத்துக் குரங்குகளுக்கு வாலும் உண்டு, தேங்காயும் தானாகவே எடுத்துக்கொள்ளும் என்று குறைபட்டுக்கொண்டார். தினமும் காலையில் வழிகாட்டி ஆளுக்கொரு தாள் கொடுப்பார். அன்று பார்க்க வாய்ப்புள்ள உயிர்களின் பட்டியல், பக்கத்தில் கட்டங்கள். கண்டால் டிக் போட வேண்டும். முதல் நான்கு நாள் ஒழுங்காகத்தான் இருந்தேன். காலையில் வெற்றுத் தாளைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்புவேன். அண்ணி படித்துக் காட்டுவார்கள். மாலையில் கண்டதை மட்டும் சொல்வேன்.

ஐந்தாம் நாள் மொட்டைத்தலையின் நாள். அகாதிர் நகரிலிருந்து இருட்டோடு வேனில் கிளம்பினோம். சரியாகத் தூங்கவில்லை. வேன் குலுங்கியது, டீசல் வாசனை வந்தது, கையில் எழுதும் அட்டையும் தாளும் பேனாவும் இருந்தன. அந்தக் குலுக்கலும் வாசனையும் எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு உரியவை. அதற்குமேல் நடந்ததை நான் செய்தேன் என்று சொல்லக் கூசுகிறது; என் கை செய்தது. மேலிருந்து கீழ்வரை பதினாறு கட்டங்களிலும் சரசரவென்று டிக் போட்டது. போனை எடுத்தது, படம் பிடித்தது, அனுப்பியது. பதினெட்டு வருடம் காலை ஷிப்டில் செய்ததை உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு பிழையும் இல்லாமல் செய்து முடித்தது. நான் கண்ணை மூடித் தூங்கிவிட்டேன்.

பாறை விளிம்பில் இறங்கியபோது எதிரே ஒன்றும் இல்லை. கடல் இல்லை, வானம் இல்லை. வெள்ளையடித்த சுவர்போல் மூடுபனி. மூன்று மணி நேரம் நின்றோம். எங்கோ கீழே யாரோ தொண்டையைக் கனைப்பதுபோல் கரகரப்பாகச் சத்தம் வந்தது. அவைதான் என்றார் வழிகாட்டி. ஒருமுறை இரண்டு கருப்பு நிழல்கள் பனிக்குள் அசைந்து மறைந்தன. அவை நாங்கள் தேடி வந்தவையாக இருக்கலாம்; நீர்க்காகங்களாகவும் இருக்கலாம். வழிகாட்டி தன் தாளில் அந்தக் கட்டத்துக்குள் டிக்குக்குப் பதிலாக ஒரு சிறு கோடு கிழித்தார். நானும் என் தாளை எடுத்தேன். அதில் ஏற்கெனவே டிக் இருந்தது.

போனில் அண்ணனின் குரல் பதிவு வந்து கிடந்தது. தலையணைக்குள் அமுங்கிய குரல்.

"புக்கு... உங்கண்ணி படிச்சா. எல்லாத்துக்கும் டிக்கு கீதுன்னா. பார்த்துட்டியாடா? நாலாவதும் வந்துடுச்சா? அழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. அதான் சிரிச்சுகினு கீறேன்."

சிரித்தார். தலையணைக்குள் ஒருவர் சிரித்தால் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் கேட்டேன். 'பனிண்ணே, ஒண்ணும் தெரியல' என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். குப்புறப் படுத்திருக்கும் மனிதரிடமிருந்து அந்தச் சிரிப்பை எப்படித் திரும்பப் பிடுங்குவது? கடைசியில் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். ஏராளமான சொற்களைப் படித்தவன் சொன்ன பொய்க்கு ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை.

திரும்பி வந்து பிள்ளைப்பாக்கம் போனபோது கருப்புக் கண்ணாடி போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சமும் நிழலும் தெரிகிறது, அவ்வளவுதான் என்றார். "சொல்லு" என்றார். அவரே எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லித்தந்ததை அவருக்கே திருப்பிச் சொன்னேன்.

"பிடரி இறகு இன்னா பண்ணிச்சு?"

"காத்துல சிலிர்த்துகிட்டு நின்னுதுண்ணே."

"எந்தப் பக்கம் பார்த்து ஒக்காந்திருந்துச்சு?"

"கடலப் பார்த்து."

"சரி. அந்தத் தாள எத்துகினு வந்தியா?"

கண் தெரியாதவருக்குத் தாள் எதற்கு என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது, வேறொன்றும் தோன்றவில்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்து, திருப்பி, முதுகுப் பக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரல் மேலிருந்து ஒவ்வொரு கட்டமாக இறங்கியது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. பதினாறாவது கட்டத்தில் விரல் நின்றது. தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கேன்டீன்ல இப்பவும் அதே சாம்பாரா?" என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். நான் திருப்பிக் கொடுத்திருந்த பைனாகுலரை நீட்டினார். அதில் மஞ்சள் டேக் கட்டியிருந்தது. பார்க்காமல் எழுதிய எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. பொருள்: மொட்டத்தல. எண்ணிக்கை: ஒன்றும் எழுதவில்லை. காரணம்: மறுபடி பாக்கணும்.

"அண்ணே, அன்னிக்கு வேன்ல..."

"டேக் கட்டியாச்சு புக்கு. அப்பறம் இன்னா பேச்சு? போய்ப் பார்த்துட்டு வா. நானே அவுக்கறேன்."

சிவப்பைக் கட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருடம் ஆடிட் என்றார்கள், விடுப்பு இல்லை. அதற்கடுத்த வருடம் லைனை மாற்றினார்கள், விடுப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கையைப் பிடித்து ஏரிக்கரைக்கு அழைத்துப் போவேன். சத்தத்தை வைத்தே அவர் பறவையைச் சொல்லிவிடுவார். நான் பைனாகுலரில் தேடிவிட்டு, "தெரியலண்ணே" என்பேன். "ஆங், இது பேச்சு" என்பார். சர்க்கரை கண்ணோடு நிற்கவில்லை, சிறுநீரகத்துக்குப் போனது. போன ஆடியில் அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று அண்ணி என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். "நீயே அவுத்துக்கப்பா. அவரு இன்னா எழுந்து வந்து கேக்கவா போறாரு?" நான் நூலைப் பிடித்தேன். இரட்டை முடிச்சு, பார்க்காமல் போட்ட முடிச்சு, ஆனால் சரியாக இருந்தது. கத்தரிக்கோலை அண்ணியிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அந்தச் சுற்றுலாக்காரர் இப்போதும் குறுஞ்செய்தி அனுப்புகிறார். இந்த வருடம் மூடுபனி இல்லாத மாதமாகப் பார்த்து அழைத்துப் போகிறாராம். விடுப்பும் கிடைக்கும்போலிருக்கிறது. போகலாம், பாறைமேல் நிற்கலாம், பறவை எதிரிலேயே வந்து உட்காரவும் உட்காரலாம். வந்து யாரிடம் சொல்வது?

இன்று காலை ஏரிக்கரையில் ஏதோ ஒன்று கருப்பாக இறங்கியது. பைனாகுலரைத் தூக்கினேன். காற்று வந்தது, டேக் திரும்பி மூக்கில் தட்டியது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, மூக்கை ஒதுக்கிக்கொண்டு பார்க்க எப்போதோ பழகிவிட்டிருக்கிறேன்.