பனியில் மோதிரம் தேட வந்தவர்

பார்க் எக்ஸ்டென்ஷனில் வீட்டு வாசலில் நின்ற காரின் பனியைத் தட்டிவிட்டு, கையுறையைக் கழற்றி உதறினேன். கூடவே கல்யாண மோதிரமும் பறந்தது. கணவர் வேலையால் வருவதற்குள் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

தோழி அனுப்பிவைத்தவர், உலோகம் தேடும் கருவியை பட்மின்ரன் மட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு லொங்குய்யிலிருந்து மெத்ரோ ரயிலில் வந்தார். குளிரில் மூக்குச் சிவந்த, குள்ளமான மனிதர். இது அவருக்குப் பொழுதுபோக்காம். வந்ததும் தன் மோதிரத்தைக் கழற்றி நீட்டினார்.

"தங்கச்சி, இதைப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ. என்ர கையில கிடந்தா மெஷின் என்னைத்தான் கண்டுபிடிக்கும்."

என் விரலில் அது தொளதொளவென்று ஆடியது.

"எங்க நிண்டு எப்பிடி உதறினனீங்கள்? ஒருக்கா உதறிக் காட்டுங்கோ."

கையுறையைப் போட்டேன், கழற்றினேன், உதறினேன். அவருடைய மோதிரமும் பறந்துபோய்ப் பனிக்குள் விழுந்தது.

"ஐயோ அண்ணை!"

அவர் பதறவில்லை. எதிர்பார்த்தவர்போல அது விழுந்த பக்கமாகப் போய்க் கருவியை ஆட்டினார். கருவி கீச்சிட்டது. பனியைக் கிண்டியபோது முதலில் வந்தது என் மோதிரம். ஒரு சாண் தள்ளி அவருடையது.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"பேந்து வாறன். புரோசார்ட்டில ஒரு பிள்ளை தோட்டைத் துலைச்சுப்போட்டு நிக்குது."

சொல்லிக்கொண்டே தன் மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். அது அவருடைய விரலிலும் தொளதொளவென்றுதான் ஆடியது.