செவ்வாய்க்கிழமை முள்

அந்த வட்டாரத்தில் அவளை ஏணியக்கா என்றால்தான் தெரியும். காட்டுக்கு நடுவில் நாற்பது மீட்டர் உயரத்துக்கு நிற்கும் இரும்புக் கோபுரத்தில், செவ்வாய்தோறும் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறவள். வயது நாற்பத்தேழு. வீட்டு மாடிப்படி ஏறச் சொன்னால் மட்டும் இவளுக்கு முழங்கால் வலி வந்துவிடும் என்பது கணவரின் நெடுநாள் புகார்.

கோபுரத்து உச்சியில் ஒரு கருவி இருக்கிறது. காட்டின் மேல் போகிற காற்றைக் குழாயில் உறிஞ்சி, அதில் கரியமில வாயு எவ்வளவு என்று நொடிக்குப் பத்து தடவை பார்க்கும். இரவெல்லாம் காடு மூச்சு விட, எண் ஏறும். இலைமேல் வெயில் பட்டதும் காடே அதை இழுத்துக்கொள்ள, எண் இறங்கும். ஏணியக்காவின் வேலை சிலந்தி வலையைத் துடைத்து, வடிகட்டியை மாற்றுவது. ஏறும்முன் கருவியை நிறுத்த வேண்டும், கீழே வந்தபிறகுதான் மறுபடி ஓடவிட வேண்டும். அதுதான் விதி.

இறங்கவே கால் மணி ஆகிறது. அவ்வளவு நேரம் காட்டின் மூச்சை அளக்காமல் விடுகிறோமே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. வேலை முடிந்ததும் மேலே இருந்த பொத்தானையே தட்டிக் கருவியை ஓடவிடுவாள். பிறகு, கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பாள். கண்ணுக்கு எட்டிய வரை மரங்களின் தலைகள். ராத்திரி ஈரம் அவற்றிலிருந்து ஆவியாகக் கிளம்பும். கீழிருந்து பார்த்தால் ஒரு மரம், இரண்டு மரம். மேலிருந்து பார்த்தால் ஒரே உயிர். வீட்டில் அவள் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு திங்கட்கிழமை ஆராய்ச்சி மேடம் அவளைக் கணினித் திரைக்கு முன்னால் கூப்பிட்டார்.

"ஒன்பது மணிக்கு மேல இந்தக் கோடு இறங்கணும் அக்கா. தினமும் இறங்குது. வாரத்துல ஒரு நாள் மட்டும் முள்ளு மாதிரி நிமிருது."

"எந்த நாள் மேடம்?"

"செவ்வாய். நீங்க ஏறுற நாள்தான், ஆனா அப்ப கருவி நின்னுல்ல இருக்கும்? காட்டுக்குக் கிழமை தெரியுமா? கருவிதான் கெட்டுப்போச்சு. கம்பெனிக்கு அனுப்பினா திரும்பி வர ஆறு மாசம். இந்த மூணு வருஷ அளவையும் நம்ப முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்."

ஏணியக்கா திரையில் அந்த முள்ளையே பார்த்தாள். தான் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, ஒரு முழத்தில், அந்தக் குழாயின் வாய். அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் இந்த மாசம்தான்.

சாயங்காலம் கணவர் தான் ஓட்டும் பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"மேடத்துகிட்ட சொன்னா என் வேலை போயிடும்."

"அப்ப பேசாம இரு. கருவிக்குப் பதிலா உன்னை வீட்டுக்கு அனுப்பணுமா?"

"மூணு வருஷம்யா. அவ்வளவு பெரிய காடு விட்ட மூச்சையெல்லாம் குப்பையில போடப்போறாங்க."

அவர் துணியைப் பிழிந்தார். "முடிவு பண்ணிட்டுதானே வந்திருக்க? என்கிட்ட என்னமோ யோசனை கேக்கற மாதிரி நிக்கற. போ, போய்ச் சொல்லு."

மறுநாள் காலை சொன்னாள். மேடத்தின் முகம் எரிச்சலில் சுருங்கியது, ஆனால் திட்டவில்லை. வாக்கி டாக்கியைக் கையில் கொடுத்து, "ஏறுங்க. எப்பவும் உக்கார்ற இடத்துல எப்பவும் போல உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தாள். கருவி ஓடியது.

"ஏறுது அக்கா. நானூத்துப் பத்துல இருந்து... அறுநூறு தாண்டிடுச்சு. மூச்ச அடக்குங்க."

அடக்கினாள்.

"இறங்குது. இறங்குது. இப்ப விடுங்க."

விட்டாள்.

"ஏறுதுக்கா!" மேடத்தின் குரலில் எரிச்சல் எப்போதோ போயிருந்தது. "தள்ளிப் போங்க, காத்து குழாயத் தாண்டிப் போற பக்கம்."

நகர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"முள்ளு போயிடுச்சு. இப்ப காடு மட்டும்தான்."

ஏணியக்கா கீழே பார்த்தாள். இத்தனை லட்சம் மரங்கள் ஒரு கோட்டில். அவளுடைய ஒற்றை நெஞ்சுக்கூடும் அதே கோட்டில். அவள் விட்டதை அந்த இலைகளில் எதுவோ இந்நேரம் வாங்கியிருக்கும். கம்பியை விடாமல் இன்னொரு முறை மெதுவாக மூச்சு விட்டாள்.

கீழே வந்தபோது மேடம் பழைய அளவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தச் செவ்வாய் முக்கால் மணி நேரம் உக்காந்திருக்கீங்க."

"வீட்டுக்காரரோட அண்ணன் குடும்பம் ஏழு பேரு வந்து தங்கியிருந்தாங்க மேடம்."

மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். "இங்க நாலு வாரம் முள்ளே இல்லையே?"

"பொண்ணோட பிரசவத்துக்குப் போயிருந்தேன். வேற ஆள் ஏறினாரு. அவரு ஒழுங்கா கீழ வந்துதான் ஓடவிட்டிருப்பாரு."

கருவி கெடவில்லை என்பதற்கு அந்த நாலு வாரம்தான் சாட்சியாயிற்று. செவ்வாய் காலைகளை மட்டும் வெட்டிவிட்டால் போதும். மூன்று வருஷமும் பிழைத்தது. கருவி எங்கும் போகவில்லை. ஏணியக்காவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது, அதற்கடியில் புதுப்பித்த ஒப்பந்தமும். மேல் பொத்தானுக்குப் பூட்டு போட்டார்கள்.

"அப்ப இனிமே உக்காரக் கூடாதா மேடம்?"

"உக்காருங்க. ஆனா நீங்க இறங்குற வரைக்கும் கருவி நின்னுதான் இருக்கும். எவ்வளவு நேரம்னு நோட்டுல எழுதிடணும்."

அடுத்த செவ்வாய் வடிகட்டியை மாற்றிவிட்டு உட்கார்ந்தாள். காடு எப்போதும்போல ஆவிவிட்டுக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்திருக்கும் வரை அதை அளக்கத்தான் கருவி ஓடாது. இறங்கி வந்து, கருவியை ஓடவிட்டு, நோட்டில் எழுதினாள்: வடிகட்டி, பத்து நிமிஷம். உட்கார்ந்தது, நாலு நிமிஷம்.