நாலாம் இடத்துக்கு நான் எடுத்த பயிற்சி

இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, காலையில் நடவுங்கோ என்று டொக்டர் சொன்னபோது எனக்கு நாற்பத்தொரு வயது. நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. கந்தோரில் கதிரையை விட்டு எழும்பாத ஒருவன் விடியற்காலையில் கையை வீசிக்கொண்டு நடந்தால், அவனுக்குச் சீனி என்று மன்னார் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் பழைய றேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். சைக்கிள் ஓடுகிறவனை விளையாட்டு வீரன் என்று நினைப்பார்கள் என்று நம்பினேன்.

ஆறு மாதத்தில் ஊர் அப்படி நினைத்ததோ தெரியாது, நான் நினைக்கத் தொடங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் முதல் பூசை முடிந்ததும் தலைமன்னார் வரை போய்த் திரும்புவேன். மேடு பள்ளம் இல்லாத தெருவில் நிதானமாக இரண்டு மணித்தியாலம் ஓட முக்கால்வாசிப் பேரால் முடியும். நான் மட்டும் என் நெஞ்சும் நுரையீரலும் தனி ரகம் என்று முடிவு செய்தேன். இதயத்துடிப்புக் காட்டும் மணிக்கூடு ஒன்றைக் கட்டிக்கொண்டு, கந்தோரில் தேத்தண்ணி நேரத்தில் அதைப் பார்த்துப் பார்த்துப் பிரசங்கம் செய்தேன். “தாக்குப்பிடிக்கிற சக்திதான் முக்கியம். தசை எல்லாம் சும்மா படம் காட்டத்தான்.”

தசை என்று நான் சொன்னது என் கூட்டாளியை. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். இப்போது பசாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறான். பெயின்ற் வாளிகளுக்குள் கொங்கிறீற் ஊற்றிக் காயவிட்டு, அவற்றைத் தண்ணிப் பைப் ஒன்றின் இரண்டு நுனியிலும் மாட்டி, விடிய சுபஹ் தொழுகை முடிந்ததும் கடைக்குப் பின்னால் நின்று தூக்குவான். அவனும் சைக்கிள் ஓடுவான். ஆனால் பத்துக் கிலோமீற்றர் தாண்டினால் அவனுக்குக் கடை ஞாபகம் வந்துவிடும்.

“மச்சான், கொக்குக்குக் காற்சட்டை போட்டுவிட்ட மாதிரிக் கிடக்கு உன்ரை கால்,” என்பான்.

“நீ சீமெந்து தூக்கு. நான் ஓடுறன்,” என்பேன்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு சைக்கிள் போட்டி வந்தது. கோட்டையடியில் தொடங்கி, பாலத்தைத் தாண்டி விடத்தல்தீவுக்குப் போய், அங்கே தெருவில் வைத்திருக்கும் பீப்பாவைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். இருவரும் பெயர் கொடுத்தோம்.

போகும்போது நான் பறந்தேன். கச்சான் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அதைக் காற்று என்று நான் நினைக்கவில்லை, என் பயிற்சி என்று நினைத்தேன். பீப்பாவை முதல் ஆளாகச் சுற்றினேன். சுற்றியதும் அதே காற்று முகத்தில் அறைந்தது. பாரமான கியரை மிதிக்கக் காலில் பலம் இல்லை. இலேசான கியரைப் போட்டால் கால்தான் சுற்றியது, சைக்கிள் நகரவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன். துடிப்பு நிதானமாக இருந்தது. நெஞ்சு வேலைக்கு வந்துவிட்டது, கால் வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் என்னைத் தாண்டிப் போனார்கள்.

அப்போது பின்னாலிருந்து என் கூட்டாளி வந்தான். “பின்னாலை ஒட்டிக்கொண்டு வா!” என்று கத்தினான். அவன் முதுகு ஓர் அலுமாரி அகலம். அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். காற்றை அவன் கிழித்தான், அவன் கிழித்த வழியில் நான் போனேன். முன்னால் போன ஐவரில் மூவரைப் பிடித்துத் தாண்டினோம். பாலத்துக்குத் திரும்பும் சந்தியில் அவன் திடீரென்று “ஆ!” என்றான். கெண்டைக்கால் குறண்டிவிட்டது.

“மச்சான், பிடிச்சிட்டுது! நில்லு!”

எனக்குத் தெளிவாகக் கேட்டது. காற்றில் கேட்கவில்லை என்று பிறகு சிலரிடம் சொன்னேன், அது பொய். முன்னால் இரண்டே பேர். மூன்றாம் இடத்துக்குக் கிண்ணம் உண்டு. நான் நிற்கவில்லை.

கோட்டை தெரியும் தூரம் வரை நான்தான் மூன்றாவது. கடைசி இருநூறு மீற்றரில் பின்னால் ஒரு குரல்: “கொஞ்சம் விலகுங்கோ, தம்பி.” ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எழும்பி நின்று மிதித்துக்கொண்டு மரியாதையாகத் தாண்டிப் போனார். நானும் எழும்பி நின்றேன். தொடை நடுங்கியது, திரும்ப சீற்றில் இருந்துவிட்டேன். நாலாம் இடம்.

கனநேரம் கழித்து என் கூட்டாளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான்.

“எத்தினையாவது?”

“நாலு.”

“நாலாவதா வரவோ என்னை விட்டிட்டுப் போனனி?”

இரண்டு கிழமை நான் பசார்ப் பக்கம் போகவில்லை. பழம் வாங்கக்கூடச் சுற்றுப்பாதையில் போனேன். கடைசியில் குசினியில் தண்ணிப் பைப் ஒழுகத் தொடங்கியது. மனைவி மூன்று நாள் வாளி வைத்தாள். நாலாம் நாள், “இஞ்ச பாருங்கோ, அவரிட்டைப் போய் மன்னிப்புக் கேளுங்கோ. அப்பிடியே ஒரு வாஷரும் வாங்கிக்கொண்டு வாங்கோ,” என்றாள்.

போனேன். போகும் வழியில் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. “அண்டைக்கு எனக்குக் கேட்டது,” என்று மட்டும் சொன்னேன்.

“தெரியும்,” என்றான். வாஷரைத் தேடி எடுத்துத் தாளில் சுற்றினான். “நீ நிண்டிருந்தாலும் என்ன செய்திருப்பாய்? காலைப் பிடிச்சுவிடக்கூட உனக்குத் தெரியாது. ஆனாலும் நிண்டிருக்கலாம்.” பொட்டலத்தை என் பக்கம் தள்ளினான். பிறகு, “நாளைக்குக் காலமை பாரம் தூக்க வா. ஞாயிற்றுக்கிழமை நான் உன்னோடை ஓட வாறன். எனக்குத் தூரம் ஓடத் தெரியாது, உனக்குத் தூக்கத் தெரியாது,” என்றான்.

அடுத்த நாள் சனிக்கிழமை. முதலில் வெறும் பைப்பைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பச் சொன்னான். எனக்கு மானம் வந்துவிட்டது. வாளிகளையும் மாட்டச் சொன்னேன். அவன் தடுத்தான், நான் கேட்கவில்லை. நிறுத்து என்று அவன் சொல்லச் சொல்லக் குந்தி எழும்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு பூசையில் எல்லாரோடும் முழந்தாளிட்டேன். எல்லாரும் எழும்பினார்கள். என் தொடை எழும்ப மறுத்தது. எல்லாரும் வாங்கில் இருந்தார்கள், நான் முழந்தாளிலேயே இருந்தேன். வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக் கை கூப்பினேன். பூசை முடிந்ததும் பாதர் பக்கத்தில் வந்து மெதுவாக, “ஏதும் விசேஷமான வேண்டுதலோ?” என்று கேட்டார். “ஓம் பாதர்,” என்றேன். எழும்பக் கை கொடுக்கும்படி கேட்கக் கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு சொன்னதைக் கேட்டேன். கிழமைக்கு இரண்டு நாள்தான் தூக்குவது. பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், குந்தி எழும்பும் தடவை குறையும், இடையில் ஓய்வு. ஞாயிறுகளில் அவன் என்னோடு ஓடினான். முதல் நாள் பாதி வழியில் பேசாலையில் நின்று மூன்று றோல்ஸ் தின்றான். பிறகு இரண்டு, பிறகு ஒன்று. கடைசியில் தலைமன்னார் வரை நிற்காமல் வந்தான். எனக்கு இரண்டு மாதமாக ஒரு மாற்றமும் தெரியவில்லை. சைக்கிளில் ஏறினால் கால் மரக்கட்டைபோல இருந்தது, இவன் என்னைப் பழிவாங்குகிறான் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் மாதம் ஒரு நாள் எதிர்க்காற்றில் பாரமான கியரைப் போட்டேன், அது சுற்றியது. கந்தோர்க் காற்சட்டைகள் தொடையில் இறுகின. மனைவி அவற்றைத் தையல்காரரிடம் கொண்டுபோனாள், நான் அதைக் கந்தோரில் நாலு பேருக்குச் சொன்னேன்.

அடுத்த வருடப் போட்டியில் விடத்தல்தீவிலிருந்து திரும்பும்போது காற்று அதே காற்றுத்தான். இந்த முறை மாறி மாறி முன்னால் போனோம். கொஞ்சத் தூரம் அவன் முதுகு, கொஞ்சத் தூரம் என் முதுகு. என் முதுகு அவனை அரைவாசிதான் மறைத்திருக்கும். சந்தியில் “கால் எப்பிடி?” என்று கேட்டேன். “கிடக்கு, கிடக்கு, ஓடு,” என்றான்.

முன்னால் இரண்டு பேர் எட்டாத தூரத்தில். மூன்றாவதாக அதிபர். கோட்டை தெரிந்ததும் எழும்பி நின்று மிதித்தேன். கால் சொன்னதைக் கேட்டது. அதிபரைத் தாண்டினேன். அந்தச் சந்தோஷத்தில் அவருடைய முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டுத் திரும்பினேன். சைக்கிள் ஆடியது. அந்த ஒரு நொடியில் என் கூட்டாளி வலப்பக்கத்தால் போய்விட்டான்.

போன வருடத்தைவிட ஏழு நிமிடம் முந்தி வந்திருந்தேன். இடம், நாலு.

கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன், “என்னத்துக்கடா திரும்பினனி?” என்று கேட்டுச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது அதிபர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

“தம்பிமார், போன வருஷம் இப்பிடி ஓடேல்லையே. என்ன செய்யிறியள்?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

“ஒண்டுமில்லை, சேர். சும்மா ஓடுறனாங்கள்,” என்றேன்.

அவர் நம்பிவிட்டார். பையிலிருந்து பனங்கட்டித் துண்டு இரண்டு எடுத்து ஆளுக்கொன்று தந்து, “நல்லாய் இருங்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனார். என் கூட்டாளி பனங்கட்டியை வாயில் போட்டான்.

“பாவமடா மனிசன். சொல்லுவமோ?” என்றான்.

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

“இன்னும் ஒரு வருஷம் போகட்டும்,” என்றேன்.