பொறுக்கி எடுத்த உளி

என் சித்தி கடையில் வாங்கிய எதையும் திருப்பிக் கொடுத்ததில்லை. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் குடையில் ஒரு கம்பி வளைந்திருக்கும். சட்டையில் ஒரு கை மற்றதைவிடக் குட்டையாக இருக்கும். டப்பாவின் மூடி எந்தப் பக்கம் திருப்பினாலும் சேராது. எல்லாம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிடும். குட்டைக் கையை மடித்து விட்டு, மற்ற கையையும் அதற்குச் சமமாக மடித்துப் போட்டுக்கொள்வாள். மூடி சேராத டப்பாவில் ஸ்க்ரூ போட்டு வைப்பாள்.

"உனக்குன்னே ஓட்டை உடைசலை எடுத்து வைக்கிறாங்கடி" என்று அம்மா கத்துவாள்.

"வாங்கினது வாங்கினதுதான்க்கா" என்று சொல்லிவிட்டுச் சித்தி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

சின்ன வயதில் இதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன பிறகு இதற்கு அறியாமை என்று பெயர் வைத்தேன். நுகர்வோர் உரிமை பற்றி அவளுக்கு ஒருநாள் சொற்பொழிவே ஆற்றியிருக்கிறேன். அவள் வாயில் இரண்டு ஆணியைக் கவ்விக்கொண்டு, ஆடிய நாற்காலிக் காலைத் தட்டியபடி கேட்டாள்.

வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு என்று நான் செருப்பு வாங்கிய அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்ததும் வார் பிய்ந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். சித்தி வாசலில் வந்து நின்றாள்.

"வேணாம்டி. நானே தைச்சுத் தரேன்."

"ஏன் சித்தி இப்படிப் பயந்து சாகுற? தப்பு அவங்க மேலதானே?"

"அவங்க மேலதான்னு உனக்கு நல்லாத் தெரியுமா?"

அவள் கேட்ட விதத்தில் நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் வாரை முறுக்கி இழுத்துப் பார்த்திருந்தேன். அது அவளுக்குத் தெரியாது. ஆனாலும் கேட்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அதுவரை அம்மாவிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள்.

சித்தி மரப்பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்தவள். மேஜையோ அலமாரியோ, ஆண்கள் அறுத்து இழைத்துப் பூட்டிய பிறகு அவள் கைக்கு வரும். அவள் தேய்த்த பலகையில் கன்னத்தை வைத்துத் தூங்கலாம் என்பார்கள். பாராட்டு அதோடு சரி. அவள் ஆசை, தச்சர்கள் நின்று வேலை பார்க்கும் பெஞ்சு மேல். பட்டறையில் பெஞ்சு கிடைத்தவர் தச்சர், கிடைக்காதவர் எடுபிடி. அங்கே எந்தப் பெண்ணுக்கும் பெஞ்சு கிடைத்ததில்லை. கேட்டவளும் இல்லை.

சாப்பாட்டு நேரங்களில் கழிவுத் துண்டுகளை எடுத்து அவள் மூலை பூட்டிப் பழகுவதை மேஸ்திரி பார்த்துவிட்டார். அவருக்கு வாய் பெரியது. மனசும் சில நாள் பெரிதாக இருக்கும்.

"மேஜை டிராயருக்கு நாலு மூலையும் நீ பூட்டிக் காட்டு. ஆணி கூடாது. சரியா வந்தா பெஞ்சு உனக்கு. இல்லேன்னா உப்புத்தாளைப் புடிச்சுக்கிட்டுப் பேசாம இருக்கணும். சம்மதமா?"

"சம்மதம் மேஸ்திரி. உளி?"

"நல்லாக் கேட்ட போ. பல் தேய்க்கிற பிரஷ்ஷை யாராவது இரவல் குடுப்பாங்களா?"

எனவே அவள் சொந்தமாக உளி வாங்க வேண்டியிருந்தது. அதிலும் எந்த உளியும் உதவாது. டிராயரின் மூலையில் மரப் பற்கள் விசிறி மாதிரி விரிந்து ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். அந்தப் பற்களுக்கு நடுவே மூலை ஒடுங்கியிருக்கும். சாதாரண உளியின் பக்கங்கள் கட்டையாக இருப்பதால் உள்ளே போனால் பல்லை நசுக்கிவிடும். மேல்பக்கத்து ஓரங்கள் இரண்டும் சரிவாகச் சீவப்பட்ட உளிதான் அங்கே நுழையும்.

கடையில் நல்ல கூட்டம். உளி என்று அவள் கேட்டதும் பக்கத்தில் நின்ற ஒரு தச்சர், "எதுக்கும்மா, பவுடர் டப்பா திறக்கவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி தங்க நிறக் கைப்பிடி போட்ட ஒன்றை எடுத்து நீட்டினார். "பாக்கவே அம்சமா இருக்கு பாருங்க."

கடையில் வேலை பார்த்த ஒருவர் உள்ளிருந்து வந்து அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நூலில் கட்டிய கண்ணாடி போட்டிருந்தார். அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் அழைப்பார்கள். "இது அலமாரியில வைக்க நல்லா இருக்கும். வேலைக்கு ஆகாது" என்றார். முதலாளியின் முகம் சுருங்கியது. கண்ணாடிக்காரர் கவனிக்கவில்லை. "என்ன வேலைம்மா?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

ஒரே கம்பெனி உளிகளை ஐந்தாறு எடுத்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் இரும்பு அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் கீற்றுத் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்ததை ஒதுக்கினார். பக்க ஓரம் நுனிவரை ஒல்லியாக வருகிறதா என்று கட்டை விரலால் தடவினார். கைப்பிடியும் அலகும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். கடைசியில் மிஞ்சியதைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"முதுகைக் கல்லுல தேய்ச்சு மட்டம் பண்ணிக்குங்க. கல்லு மட்டும்தான். சாணை மெஷின்ல காட்டிடாதீங்க. மத்தபடி இதுல குறை வந்தா என்னை வந்து கேளுங்க. நான் பொறுப்பு."

ஊரில் தச்சர்கள் எல்லோரும் அவரிடம்தான், "அண்ணே, ஒண்ணு பொறுக்கிக் குடுங்க" என்று போய் நிற்பார்கள் என்பது சித்திக்கு அப்புறம் தெரிந்தது.

டிராயரின் மூன்று மூலைகள் அழகாக வந்தன. நான்காவதற்கு முன்னால் உளி பெஞ்சிலிருந்து உருண்டு சிமெண்ட் தரையில் விழுந்து, நுனியின் ஒரு மூலை உடைந்துவிட்டது. கல்லில் தேய்த்து அதைச் சரி செய்ய ஒரு பொழுது ஆகும். மேஸ்திரி மாலையில் பார்க்க வருகிறார். எல்லோரும் சாப்பிடப் போனதும் சித்தி சாணை மெஷினைப் போட்டாள். பொறி பறந்தது. தண்ணீரில் முக்கி முக்கி எடுக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. உடைசல் போய்விட்டது என்று சந்தோஷப்பட்ட அந்த நொடியில் நுனி நீலமாக மாறியது.

"மயில் கழுத்து மாதிரி இருந்துச்சுடி. பாக்க அழகாத்தான் இருந்துச்சு" என்றாள் சித்தி.

நீலத்தை மறைக்க அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அத்தனை வருடம் உப்புத்தாள் பிடித்த கை அல்லவா. தேய்த்துத் தேய்த்து, புது உளியைவிடப் பளபளப்பாக்கிவிட்டாள். நிறம் போனால் கறை போன மாதிரிதான் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். சூட்டில் இரும்பின் பதம் போய்விடும், மேலே எவ்வளவு தேய்த்தாலும் திரும்பாது என்பது அவளுக்குத் தெரியாது.

நான்காவது மூலையில் உளி நுனி மடங்கியது. கல்லில் தீட்டினால் திரும்பவும் மடங்கியது. பற்கள் கிழிந்தன. மேஸ்திரி வந்து பார்த்தார்.

"மூணு மூலை முத்து. நாலாவது ஏன் நாய் கடிச்ச மாதிரி இருக்கு?" உளியை வாங்கி நகத்தில் வைத்துப் பார்த்தார். "இது உளியா, வெண்ணெய்க் கத்தியா? எவன் தலையில கட்டினான் இதை?"

அப்போதே சொல்லியிருக்கலாம். மெஷினில் காட்டினேன் மேஸ்திரி என்று மூன்றே வார்த்தை. பெஞ்சு போயிருக்கும். சுற்றி எல்லோரும் நின்றார்கள்.

"கடையில பொறுக்கிக் குடுத்தது" என்றாள் சித்தி.

மேஸ்திரி அவளை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். அந்தப் பட்டறைக்குச் சாமான் முழுக்க அங்கேதான் வாங்குவது வழக்கம். முதலாளி எழுந்து நின்றுவிட்டார். கண்ணாடிக்காரர் உளியை வாங்கினார். ஒரு சின்ன அரத்தை எடுத்து, நுனியில் ஒரு இழுப்பு இழுத்தார். கடித்தது. ஒரு விரல் மேலே இன்னொரு இழுப்பு. வழுக்கியது. நுனி மட்டும் பதம் போய் இளகியிருக்கிறது என்றால் அதற்கு ஒரே காரணம்தான். அவர் நிமிர்ந்து, சித்தியை மட்டும் பார்த்து, மெல்லக் கேட்டார்.

"மெஷின்ல காட்டுனீங்களாம்மா?"

அந்தக் கேள்வியில்தான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. நீலம் என்னவென்று புரிந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதும் புரிந்தது.

"இல்ல" என்றாள்.

அவர் வாதாடவில்லை. அரத்தைக் காட்டி மேஸ்திரிக்கு விளக்கியிருக்கலாம். மேஸ்திரிக்கு உடனே புரிந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு, "இரும்புல குறை இருந்திருக்கும். வேற தரேன்" என்றார். திரும்பவும் ஐந்தாறு உளிகளை எடுத்து வைத்தார். திரும்பவும் அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தார். முதல் முறை எடுத்துக்கொண்ட அதே நேரத்தை எடுத்துக்கொண்டார். சித்தி கடைத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொடுக்கும்போது, "கல்லு போதும்மா இதுக்கு" என்றார்.

முதலாளிக்குத் தங்கக் கைப்பிடி விஷயத்திலிருந்தே உள்ளே புகைந்துகொண்டிருந்தது. கடை நிறைய ஆள் இருக்கும்போதே சொன்னார்: "பொறுக்கிக் குடுக்கிறாராம் பொறுக்கி! இனிமே நீ ஒண்ணும் பொறுக்க வேணாம்யா. பின்னாடி போய் ஆணி நிறு."

சிரிப்பு வெடித்தது. பொறுக்கி எடுப்பது நல்ல காரியம். பொறுக்கி என்பது வசவு. இரண்டையும் பிரிக்க ஒரு மூச்சு இடைவெளிகூட நம் மொழியில் இல்லை. அன்று முதல் தச்சர்களுக்கு அவர் கண்ணாடிக்காரர் இல்லை. "ஏ பொறுக்கி, அரைக்கிலோ ஆணி குடு" என்றார்கள். முதலில் கேலியாக, அப்புறம் கேலி என்பதே மறந்துபோய்.

சித்திக்கு இன்னொரு டிராயர் கொடுத்தார்கள். நாலு மூலையும் பூட்டினாள். பெஞ்சு கிடைத்தது. பட்டறையிலேயே நல்ல டிராயர் அவளுடையதுதான் என்று பெயர் வாங்கினாள். கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருந்துவிட்டாள். என்னைப் படிக்க வைத்தது அந்தப் பெஞ்சு. நான் பட்டம் வாங்கிய அன்று சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். இதையெல்லாம் கேட்ட பிறகு அந்தப் பட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அன்று "ஆமா" என்று சொல்லியிருந்தால் நான் இப்போது எங்கே இருந்திருப்பேன்? சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்க எனக்கு யோக்கியதை உண்டா? வாரை முறுக்கிய கை என்னுடையது.

"அப்புறம் அவர்கிட்ட சொல்லவே இல்லையா?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் போவேன். கடையோட பின்கட்டு வழியாவே போவேன். அவர் எழுந்து, 'என்னம்மா வேணும்?'னு கேப்பார். வாய் வராது. 'ஸ்க்ரூ குடுங்க'ம்பேன்."

எங்கள் வீட்டில் ஸ்க்ரூவுக்கு ஏன் பஞ்சமே வந்ததில்லை என்று அன்று புரிந்தது. சமையலறைப் பரணில், கட்டிலுக்கு அடியில், டப்பா டப்பாவாக ஸ்க்ரூ. சிரிப்பு வந்தது. சித்தியும் சிரித்தாள். முகம் மட்டும் காதுவரை சிவந்திருந்தது.

"ஒருநாள் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்டி. அவரே வந்து பேசினார். 'உளி எப்படி இருக்கும்மா?'ன்னார். 'நல்லா இருக்கு'ன்னேன். 'அது போதும்'னார். அப்பவாவது சொல்லியிருக்கலாம். பஸ் வந்துருச்சுன்னு ஏறிட்டேன். என் பஸ்ஸே இல்ல அது."

நானும் வருகிறேன், சேர்ந்து போய்ச் சொல்லலாம் என்றேன். போகலாம் போகலாம் என்றாள். அதற்குள் எனக்கு வேலை கிடைத்தது. அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. இரண்டாவது முறை வந்தபோது ஆஸ்பத்திரி வாசல்வரை கூடப் போக முடியவில்லை.

முன்னறையில் அவளைக் கிடத்தியிருந்தோம். பட்டறை ஆட்கள் மொத்தமாக வந்தார்கள். மேஸ்திரி இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். "பொய் புரட்டு தெரியாத பொம்பளை" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் ஒரு வயதானவர் செருப்பைக் கழற்றினார். கண்ணாடியில் நூல் கட்டியிருந்தது.

"வாய்யா பொறுக்கி" என்றார் மேஸ்திரி, அன்பாகத்தான். பக்கத்தில் இருந்தவரிடம், "வாழ்க்கையில இவ ஏமாந்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் இந்த ஆள்கிட்ட உளி வாங்கி" என்றார். இரண்டு பேர் அடக்கமாகச் சிரித்தார்கள். வந்தவரும் பழகிய சிரிப்பு ஒன்றைச் சிரித்தார். அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறையில் எல்லோரும் இருந்தார்கள். சொல்லியிருந்தால் ஒரே தடவையில் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். வார்த்தை நாக்குவரை வந்தது. ஆனால் அவள் அங்கே கிடந்தாள், மறுத்தோ ஒப்புக்கொண்டோ ஒரு வார்த்தை பேச முடியாமல். அவளைப் பற்றி அந்த அறையில் கடைசியாகப் பேசப்படுவது அதுவாக இருக்கும். அவரைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். அவர் என்னிடம் வந்து, "உளி பத்திரமா இருக்காம்மா? துரு ஏற விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். தெருவில் யாரோ, "என்ன பொறுக்கி, கிளம்பிட்டியா?" என்று கேட்டது உள்ளே கேட்டது.

அம்மா அழுது வீங்கிய கண்ணோடு என் தோளைத் தொட்டாள்.

"யாருடி அவரு?"

"உளி வாங்கின கடையில இருந்தவர்."

அம்மாவுக்குச் சட்டென்று பயம் வந்துவிட்டது. "இவ ஏதாவது பாக்கி வச்சிட்டுப் போயிருக்காளா?"

"வச்சிருக்காம்மா."

முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே அவள் வாசலைப் பார்த்தாள். "ஐயோ, போறாரே. எவ்வளவுன்னு கேட்டியா?"