பன்னிரண்டு பேரில் ஒருவர்

தருமபுரியில் புளி மண்டி வைத்திருந்த சவுரியப்பனைக் கெட்டவர் என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. நல்லவர் என்று அடித்துச் சொல்லவும் ஆள் இல்லை. மனுஷர் வாயைத் திறந்தால்தானே தெரியும்! புளியை விரலால் அழுத்திப் பார்த்துத் தலையை ஆட்டுவார், வியாபாரம் முடிந்துவிடும். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போவார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தவறாமல் சேலத்துக்குப் போவார். பூசைக்குப் போவது ஊருக்கே தெரியும். சேலத்துக்கு எதற்குப் போகிறார் என்பது மனைவி தெரசாவுக்கே தெரியாது. புளிக்கு விலை கேட்கப் போகிறார் என்று அந்த அம்மாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவர் போனது ஃப்ரீமேசன் சங்கத்துக்கு. சேலத்துச் சனங்கள் அந்தக் கட்டடத்தைத் தலைவெட்டிக் கோயில் என்று சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்துவார்கள். உள்ளே யாரும் யார் தலையையும் வெட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, இடுப்பில் வெள்ளைத் தோல் கட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் சகோதரர் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான். மேசையில் வேதப்புத்தகமும் குரானும் கீதையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவரவர் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்யலாம். சவுரியப்பன் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் செய்தார். அவரைக் கூட்டிப்போனவர் தோல் வியாபாரி கரீம் பாய். மண்டியில் எல்லோரும் சவுரியப்பனை முதலாளி என்றார்கள். அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டது கரீம் ஒருவர்தான்.

கூப்பிட்டதோடு நிற்கவில்லை. கடைசிப் பிரசவத்தில் தெரசா இனிப் பிழைக்க மாட்டாள் என்று மருத்துவச்சி கைவிரித்தபோது, கரீம் தன் வண்டியில் அவளைச் சேலத்துக்குத் தூக்கிப்போனார். அறுவை செய்த டாக்டர் சங்கத்துச் சகோதரர். ரத்தம் போதாமல் போனபோது சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு படுத்தவர் கரீம். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சவுரியப்பன் செபமாலையை உருட்டிக்கொண்டே சங்கத்துக்கும் நன்றி சொன்னார். இரண்டுக்கும் ஆகாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் பங்குச் சாமியார் இஞ்ஞாசி அதைச் சொன்னார். இரகசியச் சங்கங்களில் சேர்ந்தவன் திருச்சபைக்கு வெளியே நிற்கிறான், பூசையில் கொடுக்கும் திவ்விய அப்பமாகிய நன்மையை வாங்க அவனுக்கு உரிமை இல்லை என்று பிரசங்கத்தில் முழங்கினார். சவுரியப்பன் மறுநாளே போய்ப் சாமியார் காதில் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினார்.

"விட்டுடு. உனக்குப் பாவமன்னிப்புக் குடுக்க பிஷப் மேற்றிராணியார்கிட்ட அதிகாரம் கேட்டு வாங்கறேன், உம் பேரு வெளிய வராது" என்றார் சாமியார் மறைப்புக் கிராதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "ஆனா சும்மா விட்டாப் பத்தாது. அதை மனசார வெறுத்துட்டேன்னு எங்கிட்டச் சொல்லோணும்."

"வேதப்புத்தகத்துமேல சத்தியம் பண்ணிருக்கறனுங்களே சாமி."

"அந்தச் சத்தியம் செல்லாது."

சத்தியம் செல்லாமல் போகட்டும். தெரசா உடம்பில் ஓடுகிற ரத்தமும் செல்லாதா? சவுரியப்பன் மன்னிப்பு வாங்காமலே எழுந்து வந்தார்.

ஈஸ்டருக்கு மூன்று நாள் முந்தின பெரிய வியாழன் நெருங்கியது. அன்று சாயங்காலப் பூசையில், ஆண்டவர் சீடர்கள் காலைக் கழுவிய நினைவாக, பன்னிரண்டு ஆண்களைப் பீடத்துக்கு முன்னால் உட்கார வைத்து, சாமியார் அவர்கள் பாதத்தைக் கழுவுவார். அந்தப் பங்கில் பன்னிரண்டு பேரும் வகையறா முறைப்படி வருவார்கள். கழுவி முடிந்தபின் சபையில் முதல் நன்மை அந்தப் பன்னிரண்டு பேருக்குத்தான். அந்த வருஷம் சவுரியப்பன் வகையறாவின் முறை. சாமியாருக்கு ஒத்தாசையாக இருந்த உபதேசியார் கோயிலில் பேரை வாசித்தும் விட்டார். சாமியாருக்கு எல்லாம் தெரியும், ஆனால் சங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து ஒரு பேரை அடிக்கக்கூட அவருக்கு உரிமை கிடையாது. கண் சாடையில்கூடக் காட்டக்கூடாது. இவர் போய் முழங்காலிட்டால் அவர் கொடுத்தே ஆக வேண்டும். வாங்கினால் தேவதுரோகம். வாங்காவிட்டால், ஏன் வாங்கவில்லை என்று ஊர் கேட்கும். மூத்த மகள் அருளாயியைப் பேசி வைத்திருந்த கிருஷ்ணகிரிச் சம்பந்திகள், மாமனார் பாதம் கழுவப்படுவதைப் பார்க்கவென்றே குடும்பத்தோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். விஷயம் வெளியே வந்தால் கல்யாணம் நிற்கும்.

வியாழன் மத்தியானம் சவுரியப்பன் தெரசாவிடம் சொல்லிவிட்டார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இன்னும் எத்தனை நாள் இருப்பது? அவள் அழவில்லை, திட்டவில்லை.

"வாங்கிராதீங்க" என்றாள். "கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும். நீங்க நரகத்துக்குப் போகக்கூடாதுங்க."

"வாங்காம எப்படி உக்கார்றது? அத்தன பேரு பாப்பாங்களே."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் கோயில் வாசலில் சம்பந்திகள் நின்றிருந்தார்கள். உபதேசியார் பன்னிரண்டு பேரையும் வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். தெரசா முக்காட்டோடு நேராகப் புருஷனிடம் வந்தாள். முந்தானையிலிருந்து ஒரு கடலை உருண்டையை எடுத்து அவர் வாயில் திணித்தாள்.

"காலைலருந்து பச்சத்தண்ணி படாம நிக்கறீங்க. மயங்கி உழுந்தீங்கன்னா?"

திகைத்துப்போன மனுஷர் கடித்து விழுங்கியும் விட்டார். உடனே தெரசா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயையோ! நன்மை வாங்கோணுமே! புத்திகெட்டவ மறந்தே போயிட்டனே!"

நன்மை வாங்க மூன்று மணி நேரம் முன்பிருந்தே எதையும் தின்னக்கூடாது என்பது அன்றைய சட்டம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "கடலை உருண்டைக்கு மோட்சத்தை வித்துட்டாரய்யா!" என்றார் ஒருவர். சம்பந்தி அம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டு, "சரி, கால மட்டும் கழுவிக்கிட்டு சும்மா உக்காருங்க" என்றார்.

நடந்தது சாமியாருக்குத் தெரியாது. அவர் முழங்காலிட்டுச் சவுரியப்பனின் வலது காலைத் தாம்பாளத்துக்கு மேல் பிடித்தபோது சாமியாரின் விரல்கள் சில்லென்று இருந்தன. தண்ணீர் ஊற்றித் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். நிமிரும்போது கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டார். சவுரியப்பனுக்கு அந்தக் கிழவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

நன்மை நேரம் வந்தது. பதினோரு பேர் எழுந்து பீடத்துக் கிராதிக்குப் போனார்கள். இவர் ஒருவர் பெஞ்சில். சாமியார் கையில் பாத்திரத்தோடு வரிசையைப் பார்த்தார், ஆளைக் காணாமல் ஒரு மூச்சு விட்டார். தப்பித்தோம் என்று சவுரியப்பனும் மூச்சு விட்டார். அடுத்து ஆண்கள் போனார்கள், பிறகு பெண்கள். சம்பந்தி அம்மாள் எழுந்தாள், அருளாயி எழுந்தாள். தெரசா எழவில்லை. சிறுமியாய் முதல்முறை புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து பூசைக்கு வந்தால் நன்மை வாங்காமல் திரும்பாதவள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாயிலேயே தலைகுனிந்து கிடந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, ஏன் எழவில்லை என்று சவுரியப்பன் கேட்டார்.

"கோயில் வாசல்ல நின்னு அத்தன பேருக்கு முன்னால பொய் சொன்னனுங்க" என்றாள் தெரசா. "அந்த வாய்ல ஆண்டவர எப்படி வாங்கறது?"

அப்போதுதான் சவுரியப்பனுக்கு உறைத்தது. நாலு வருஷமாய் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றவர் அவர். சறுக்கி விழுந்தவள் அவள். அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

மறுநாள் கரீம் வீட்டுக்குப் போனார். "நான் சங்கத்த விட்டுடறேன் பாய்."

"விட்டுடுங்கண்ணே. தெரசா அக்கா மனசவிட அது பெருசா?" என்றார் கரீம்.

"விட்டாப் பத்தாதாம். வெறுத்துட்டேன்னு சொல்லோணுமாம்."

கரீம் நிமிர்ந்து பார்த்தார். "என்னையுமாண்ணே?" என்றார்.

சவுரியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லிடுங்க" என்றார் கரீம். "நான் என்ன, பக்கத்துல நின்னு கேக்கவா போறேன்?"

சனிக்கிழமை சவுரியப்பன் பாவசங்கீர்த்தனக் கிராதிக்கு முன்னால் முழங்காலிட்டார். "விட்டுட்டனுங்க சாமி. வெறுத்துட்டேன்."

"மனசாரவா?"

தெரசா பின்னால் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவள் செபமாலை உருளும் சத்தம் கேட்டது.

"மனசாரத்தானுங்க சாமி."

மேற்றிராணியாரிடம் வாங்கி வைத்திருந்த அதிகாரத்தில் சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். உயிர்த்த ஞாயிறு அன்று இருவரும் நன்மை வாங்கினார்கள். தெரசாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வைகாசியில் அருளாயி கல்யாணம் நடந்தது; பந்தியில் முன்னால் நின்று பரிமாறச் சொன்னவர் கரீம். எழுபத்தெட்டில் கண்ணை மூடும்வரை சவுரியப்பன் வருஷம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்தார். கோபப்பட்டது, எடையில் ஏமாந்தவனைப் பார்த்துச் சிரித்தது என்று சின்னதும் பெரியதுமாய் எல்லாவற்றையும் சொன்னார். அன்று கிராதிக்கு முன்னால் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் எந்தச் சாமியாரிடமும் சொல்லவில்லை.