மெர்வின் மாட்டிய ஐந்தாவது கதவு

ஆக்ஸ்ஃபோர்டு என்றதும் கல்லூரிக் கோபுரங்களைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எங்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு என்றால் கௌலி, கௌலி என்றால் கார் ஆலை. காலையில் சங்கு ஊதுவதற்குள் தெருவை அடைத்துக்கொண்டு சைக்கிள்கள் போகும். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகப் பதினைந்து வயதில் உள்ளே போய், தலை நரைத்து வெளியே வந்தவர் என் வீட்டுக்காரர் மெர்வின் காட்ஸ்பி. எந்தக் கல்லூரிக்காரரும் அவரைப் பற்றி எழுதப் போவதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக் காலம் தள்ளிய நான்தான் சொல்ல வேண்டும்.

போன புதிதில் தரை கூட்டினார், பிறகு சக்கரம் மாட்டினார். ஆஸ்டின் மேக்ஸி என்று ஒரு புதுக் கார் வந்தபோது அவருக்கு வாய்த்தது பின்கதவு. எங்கள் பக்கத்துக் குடும்பக் கார்களுக்கெல்லாம் அப்போது நான்கு கதவு, பின்னால் சாமான் வைக்க ஒரு பெட்டி, அவ்வளவுதான். மேக்ஸிக்கோ பின்பக்கம் முழுவதும் கூரைவரை தூக்கித் திறக்கும் ஐந்தாவது கதவு. இரண்டு பேர் தூக்கிப் பிடித்து, கீலில் மாட்டி, முடுக்கி, ஒரு முறை மூடிப் பார்க்க வேண்டும். மூடுகிற சத்தம் பிடிக்காவிட்டால் மெர்வின் விடமாட்டார். கார்கள் வரிசையாக ஊர்ந்து வரும் லைன் நகர்ந்துகொண்டே இருக்கும், இவர் காரோடு கூடவே நடந்து திருகிக்கொண்டிருப்பார். “காட்ஸ்பி, கதவைக் கல்யாணம் பண்ணிக்கப் போறியா?” என்று கூட இருந்தவர்கள் கத்துவார்களாம்.

அழகான கார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பக்கக் கதவுகள் வேறொரு பெரிய காருக்காகச் செய்தவை. அதையே இதற்கும் போட்டார்கள். முகத்தைப் பார்த்தால், வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்கிற பையன் மாதிரி இருக்கும். கியர் மாற்றுவது கஞ்சிக்குள் விழுந்த கரண்டியைத் தேடுகிற வேலை. ஆனால் உள்ளே உட்கார்ந்து பார்க்காமல் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. மெர்வின் நல்ல உயரம். அவருக்குப் பின்னால் இன்னொரு மெர்வின் காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம். ஊரெல்லாம் நான்கு கியரில் இரைந்துகொண்டு போன காலத்தில் எங்களுக்கு ஐந்து. சீட்டுகளைச் சாய்த்து மடக்கினால் முன்னும் பின்னும் ஒன்றாகி ஒரு கட்டில். இத்தனையும் ஒரு சாதாரணத் தொழிலாளி வீட்டுக் காரில்.

நாங்கள் வாங்கியது கடுகு மஞ்சள் நிற மேக்ஸி. கோடை விடுமுறைக்கு அதில்தான் வேமத் கடற்கரைக்குப் போவோம். விடுதியெல்லாம் கிடையாது, கார்தான் விடுதி. முதல் வருஷம், காலையில் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். உள்ளே எங்கள் மூச்சால் கண்ணாடியெல்லாம் பனி மூடியிருந்தது. கார் நிறுத்துமிடத்துக் காவலாளி. “இங்க படுக்கக் கூடாது, தெரியாதா?” என்றார். மெர்வின் பைஜாமாவோடு இறங்கி, மன்னிப்புக் கேட்டுவிட்டு, பின்கதவு எப்படித் திறக்கிறது என்று காட்ட ஆரம்பித்துவிட்டார். நான் தலையைச் சீவி முடிப்பதற்குள் அந்த மனிதர் எங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கள் ஃப்ளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு ராய் டாப்ஸ்காட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. தபால்காரன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். மூக்கொழுகிக்கொண்டு நின்ற நாளிலிருந்து தெரியும் என்பதால் எனக்கு அவன் ‘அவன்’தான். அவனிடம் ஒரு ஃபோர்டு கார்ட்டினா, கறுப்புக் கூரை போட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு வேலி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் காரைக் கழுவுவார்கள். கழுவுவது சாக்கு, வாய்தான் காரியம்.

“என்ன மெர்வின், கட்டில் எப்படி இருக்கு? போர்வை மாத்தினியா?”

“மாத்தியாச்சு ராய். உன் கார்ட்டினாவுல படுத்தா காலு ஜன்னல் வழியா வெளிய போயிடும்.”

“படுக்கறதுக்கு எனக்கு வீடு இருக்குப்பா. காரை நான் ஓட்டறதுக்கு வெச்சிருக்கேன்.”

“ஓட்டு, ஓட்டு. ஒரு அலமாரி வாங்கினா அப்ப பாப்போம்.”

ஒரு நாள் ராயின் மனைவி நிஜமாகவே ஒரு அலமாரி வாங்கிவிட்டாள். எங்கள் ஆட்களுக்கு நேராக உதவி கேட்க வராது; கேட்பதைவிடப் பல்லைப் பிடுங்கிக்கொள்வார்கள். ராய் வேலியருகே வந்து நின்றான். “இன்னைக்கு மழை வருமா?” என்றான். “வராது போல இருக்கு” என்றார் மெர்வின். “அப்ப மரச்சாமான் ஏத்தறவங்களுக்குச் சௌகரியம்தான்” என்றான் ராய், வானத்தைப் பார்த்துக்கொண்டு. மெர்வின் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார். அலமாரி மேக்ஸிக்குள் தலைமுதல் கால்வரை போயிற்று. இறக்கி வைத்த பிறகு ராய் சொன்னது இதுதான்: “பரவாயில்ல, லாரின்னு ஒத்துக்கலாம்.”

காலம் போகப் போக ஊரும் சிரிக்க ஆரம்பித்தது. மேக்ஸி செய்வதை நிறுத்தினார்கள். பத்திரிகைக்காரர்கள் மோசமான கார் என்று பட்டியல் போடும்போதெல்லாம் தவறாமல் அதைச் சேர்த்தார்கள். எங்கள் மகள் கேய்னர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொன்னாள். மெர்வின் மறுபேச்சில்லாமல் இறக்கிவிட்டார், காரை மட்டும் விற்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, நான் கடைக்குள் போனால் அவர் வாசலில் நின்று மற்றவர்களின் கார்களை வேடிக்கை பார்ப்பார். “தெல்மா, அங்க பாரு, பின்கதவு. அந்தச் சிவப்புலயும் பின்கதவு. இப்ப எல்லாத்துக்கும் இதுதான். நாங்க மாட்டினப்ப சிரிச்சானுங்க” என்பார். பால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற எனக்கு வேறு வேலையில்லையா என்று கடிந்துகொள்வேன். ஆனால் நானும் எண்ணிப் பார்ப்பேன்.

நுரையீரல் கெட்டுப்போய், பிழைக்க வழியில்லை என்று தெரிந்த பிறகு ஒரு மத்தியானம் சொன்னார்.

“தெல்மா, என்னை அந்த நீளக் கறுப்புச் சவ வண்டியில ஏத்தாதே.”

“வேற எதுல ஏத்தறது? பஸ்லயா?”

“நம்ம கார் இருக்கே. பின்பக்கமா நேரா உள்ள போயிடலாம்.”

“பெட்டி கொள்ளுமா?”

“கொள்ளும். ராய் வீட்டு அலமாரியே உள்ள போச்சே.”

அவர் போனதும் கேய்னரிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அம்மா, வேண்டாம்மா. தெருவே சிரிக்கும். அப்பாவைப் பார்த்து கடைசியா சிரிக்கணுமா?” என்றாள். “சிரிக்கறவன் முன்னாடி வரட்டும்” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான். உயிரோடு இருந்தவரை அவரே சிரித்துச் சமாளித்தார். இப்போது யார் சமாளிப்பது?

ஈமக் காரியம் பார்க்கும் பெட்டிஃபர் பண்பான மனிதர். “சட்டத்துல தடை ஒண்ணும் இல்லைங்க, மிசஸ் காட்ஸ்பி. இடம் இருக்கான்னுதான் பாக்கணும்” என்றார். ஓட்டுகிற இடத்துக்குப் பக்கத்துச் சீட்டைக் கழற்றினோம். பின்சீட்டை மடக்கினோம். மெர்வின் உயரத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்று பெட்டிஃபர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ராய் நின்றுகொண்டிருந்தான். வந்தான், ஷூவைக் கழற்றினான், பின்பக்கமாக ஏறிப் படுத்துக் கையை மார்பில் கட்டிக்கொண்டான். பெட்டிஃபர் நாடாவை வைத்து அளந்தார். நாயோடு போன ஒரு பெண் எட்டிப் பார்த்து, “ஐயோ, டாப்ஸ்காட்டா போயிட்டாரு?” என்றாள்.

“இன்னும் இல்லம்மா. முதுகு மட்டும் போயிடுச்சு” என்றான் ராய் உள்ளேயிருந்து.

பெட்டி கொள்ளும் என்று முடிவாயிற்று. பிறகுதான் பெட்டிஃபர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினார். எங்கள் பக்கத்தில் யார் போனாலும், ஈமக் காரியக்காரர் உயரத் தொப்பியும் கைத்தடியுமாக வண்டிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, வாசலிலிருந்து தெருமுனைவரை அதன் முன்னால் நடப்பார். வண்டி அவர் நடைக்குப் பின்னால் ஊர்ந்து வரும். குடித்தே அழிந்தவனுக்கும் அந்த மரியாதை உண்டு.

“எங்க கம்பெனி விதிங்க. எங்க வண்டிக்கு முன்னாடிதான் எங்க ஆள் நடக்கலாம். மத்ததெல்லாம் குறையில்லாம செஞ்சுடறோம். நான் பின்னாடி என் கார்ல வர்றேன்.”

“அதனால என்னங்க. அதெல்லாம் பெரிய விஷயமில்ல” என்றேன்.

பெரிய விஷயம்தான். எங்கள் தெருவிலிருந்து நடத்திக் கூட்டிப் போகாமல் யாரையும் அனுப்பியதில்லை. கறுப்பு வண்டிக்கு ஒப்புக்கொண்டால் மெர்வினுக்கு அந்த நடை உண்டு. அவர் ஆசைப்பட்ட காரில் போனால் இல்லை. யாரோ சாமான் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி அவரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டு நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் காருக்கே நின்றேன், ஆனால் நெஞ்சு ஆறவில்லை.

ராய் டீ குடிக்க வந்தபோது, கோப்பையில் ஊற்றிக்கொண்டே, சும்மா சொல்கிற மாதிரி சொன்னேன். “முன்னாடி யாரும் நடக்க மாட்டாங்களாம்.”

“அப்படியா?”

“பரவாயில்ல.”

“பரவாயில்லதான்” என்றான். பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றான், முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோப்பையை உடைத்திருப்பேன். நான் வாய்விட்டுக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். செத்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அடக்கத்தன்று காலை பெட்டிஃபரின் ஆட்கள் பெட்டியைப் பின்பக்கமாக உள்ளே செலுத்தினார்கள். கதவு ஒரே தட்டில் மூடிக்கொண்டது. ஓட்டுகிற இடத்தில் நான் உட்கார்ந்தேன்; என் இடது தோளை ஒட்டியே பெட்டி. கேய்னர் பெட்டிஃபரோடு பின்னால். அக்கம்பக்கத்தார் வாசலில் நின்றிருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் இரண்டு இளவட்டங்கள் ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் முகம் எரிந்தது.

அப்போது ராய் வீட்டுக் கேட் திறந்தது. கறுப்பு சூட், பளபளவென்று ஷூ, தலையில் அவன் தட்டைத் தொப்பி, கையில் முட்டி வலிக்காக வைத்திருக்கும் ஊன்றுகோல். என்னைப் பார்க்கவேயில்லை. நேராக வந்து காருக்கு முன்னால் நின்றான், திரும்பினான், தொப்பியைக் கழற்றினான், இடுப்புவரை குனிந்து வணங்கினான். நிமிர்வானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிமிர்ந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, நடக்க ஆரம்பித்தான்.

நான் முதல் கியரைப் போட்டு அவன் பின்னால் ஊர்ந்தேன். ஃபோன்கள் கீழே இறங்கின. வாசல்களில் நின்ற ஆண்கள் தலையிலிருந்ததைக் கழற்றினார்கள். தெருமுனையோடு நடை முடிய வேண்டும், அதுதான் வழக்கம். ராய் வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான், கையைக் காட்டி ஒரு லாரியை நிறுத்திவிட்டுப் பெரிய ரோட்டில் இறங்கிவிட்டான்.

நான் கண்ணாடியை இறக்கினேன். “ராய், போதும். ஏறிக்கோ.”

“எங்க ஏறறது? இடம் பூரா உன் புருஷன் படுத்திருக்கான்.”

“பின்னாடி பெட்டிஃபர் கார் வருதுல்ல. உன் முட்டி என்னத்துக்கு ஆகும்?”

“முட்டி என்னுது. நீ ரோட்டைப் பாரு. என்மேல ஏத்திடாதே.”

எங்களுக்குப் பின்னால் பஸ், அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டியவரை கார்கள். ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லை. ஆலை வாசலைத் தாண்டி, கடைகளைத் தாண்டி, ஊரே ஒதுங்கி நிற்க, என் வீட்டுக்காரர் தன் காரில் போனார். ராஜாவைக் கொண்டு போனாலும் எனக்கு அத்தனை பெருமை இருந்திருக்காது.

தேவாலய வாசலில் ராய் நின்றான். மூச்சு வாங்கியது. காரின் முன்பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டான். பெட்டிஃபர் இறங்கி வந்து, “இவ்வளவு தூரம் எங்க ஆளுங்ககூட நடந்ததில்லைங்க, மிஸ்டர் டாப்ஸ்காட்” என்றார்.

ராய் காரைத் தட்டிக்கொடுத்தான். “நல்ல காருங்க இது” என்றான்.

அத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். என் பக்கத்துக் கண்ணாடி இறக்கியே இருந்தது. மெர்வின் என் தோளருகில் படுத்திருந்தார்.