மதினியின் கீபோர்டு

கீபோர்டுக்கான முதல் சர்க்யூட் போர்டை நான் பாழாக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஈயத்தால் பற்றவைத்த சுவிட்ச் கோணலாக நிற்கிறதே என்று சூட்டைக் கூடுதலாகக் காட்டி இழுத்தேன். அடியிலிருந்த செம்புக் கோடும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. ஆர்டர் போட்டு மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய போர்டு. சிவகாசியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் செய்கிற தப்பா இது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அது என் மதினிக்காகச் செய்யத் தொடங்கிய கீபோர்டு. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் மதினி அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே நடந்த விபத்தில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. கை ஆறியதும் தட்டச்சு படித்து, காலண்டர் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்தார். நான் இதைத் தொடங்கிய வருடம், காலண்டர் சீசன் நெருங்கும்போது மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, வேகம் போதவில்லை, இப்படியே போனால் தாள் மடிக்கும் பகுதிக்கு மாற்றவேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். மதினி இதை வீட்டில் ஒரே வரியில் சொல்லிவிட்டுச் சோறு பரிமாறினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

வலது கையின் வேலையை முடிந்தவரை இடது கைக்கு மாற்றிவிட்டால் போதும் என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. இரண்டாவது போர்டில் சுவிட்சுகளைப் பற்றவைத்து முடித்தால் ஒரு விசை ஒரு தட்டுக்கு மூன்று எழுத்து அடித்தது. அதைச் சரிசெய்தால் ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு கடகடத்தது. எழுத்துகளை இடம் மாற்றும் புரோகிராம் இரண்டு முறை அழிந்துபோனது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். நான்கு மாதம் இப்படியே போயிற்று.

கடைசியில் கொண்டுபோய் மதினி முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். இரண்டு வரிகூட நகரவில்லை. பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"மிச்சம் இருக்கிற விரலோட அடிக்கப் படிக்கவே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு தம்பி. மறுபடியும் மொதல்ல இருந்து படிக்கச் சொல்றீகளா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்காகத்தானே இத்தனை பாடு என்று குரலை உயர்த்தினேன். மதினி குரலை உயர்த்தவில்லை. வலது கைச் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார்.

"எழுத்து பழைய எடத்துல இருந்தா கை தேட வேண்டியதில்ல. கம்பெனி கீபோர்டுல கீயெல்லாம் கெட்டி, அழுத்தித்தான் தட்டணும். வலது ஓரத்துல எட்டித் தட்டுற எட்டு கீக்கும் இந்த ஒரு விரல்தான். சாயங்காலத்துக்குள்ள இது மரத்துப்போகுது. அதுலதான் வேகம் கொறையுது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா சொல்லியிருப்பேன்."

அன்றே எழுத்துகளைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். அந்த எட்டு விசைகளுக்கு மட்டும், தொட்டாலே இறங்கும் மெல்லிய ஸ்பிரிங் வைத்த சுவிட்சுகளைப் போட்டேன். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேர வேலை. மதினி அதைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் அதிலேயே அடித்தார்; சாயங்காலமும் விரல் மரத்துப்போகவில்லை.

மதினியை யாரும் தாள் மடிக்க அனுப்பவில்லை. இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். போன சீசனில் புதிதாக வந்த இரண்டு பெண்களுக்கு அவர்தான் வேலை பிரித்துக் கொடுத்தார். என்னை வீட்டுக்கு வருகிறவர்களிடம் அறிமுகப்படுத்தும்போது, தனக்குக் கீபோர்டு செய்து கொடுத்த கொழுந்தன் என்று பெருமையாகச் சொல்கிறார். அந்த நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அவர் கையை நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை.